14 மாதங்கள், 7 பேர்: ஒரு மாணவரின் குடியும் மின்சிகரெட்டும் குறித்த நிகழ்வு ஆய்வு

2025 ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணி சுமாருக்கு, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் 19 வயது மாணவர் ஒருவர் தூணோரம் சரிந்து விழுந்தார். முகவாய் கிழிந்து ரத்தம் வந்தது. கை நடுங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், பதில் மட்டும் வரவில்லை. கூட இருந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரிடமும் கைப்பேசி இருந்தது. ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க அவர்களுக்கு 25 நிமிடம் ஆனது.

அந்த 25 நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்று பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் 100ப்ளஸ் பானம் வாங்க ஓடினார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, மல்லாக்கப் படுக்க வைத்தார். ஒருவர் கீழே கிடந்த மின்சிகரெட் கருவியைத் துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். நான்காமவர் சும்மா நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, “ஆம்புலன்ஸ் கூப்பிட்டா பின்னாடியே போலீசும் வரும்னு நெனைச்சோம், மிஸ்” என்றார்.

நான் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகர். விழுந்தவர் அங்கே மூன்றாம் ஆண்டு படித்தார். அறையில் அவரைத் ‘தம்பி’ என்றுதான் அழைத்தேன், இங்கேயும் அப்படியே. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சொன்ன ஒரே திருத்தம்: “‘மது அருந்தினார்’னு எழுதியிருக்கீங்க மிஸ். யாரு அப்படிப் பேசுறா? தண்ணி போட்டேன். அவ்வளவுதான்.” திருத்திவிட்டேன்.

மின்சிகரெட்டுக்குள் என்ன இருந்தது என்று எல்லாரும் முதலில் கேட்டார்கள். எனக்கு அந்த 25 நிமிடமும், அதற்கு முந்தைய 14 மாதங்களுமே பெரிதாகத் தெரிந்தன. இந்த ஆய்வில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

வீடு

அப்பா பேருந்து ஓட்டுநர், ஷிப்ட் வேலை. அம்மா பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. அக்கா வேலைக்குப் போகிறார். வீட்டில் தமிழ்தான். பணக்கஷ்டம் பெரிதாக இல்லை, அடிதடி இல்லை. “நல்ல குடும்பம்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் வீடு. அந்தச் சொல்லே பிறகு எங்கள் வேலைக்கு ஒரு முட்டுக்கட்டை ஆனது.

தம்பி முதலில் குடித்தது 16 வயதில், ஓர் உறவினர் கல்யாண விருந்தில். கொடுத்தது மாமா. “ஆம்பளைப் பையன், ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், யாரோ படமும் எடுத்தார்கள். மதுக்கடையில் வாங்கச் சட்டப்படி 18 வயது ஆக வேண்டும். கல்யாண மண்டபத்தில் மாமாவிடம் யார் அடையாள அட்டை கேட்கப்போகிறார்கள்?

இன்னொரு விஷயம் நாலாவது சந்திப்பில்தான் வெளிவந்தது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் ஹெராயின் பழக்கத்தில் 1977-ல் பிடிபட்டவர். அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு (சிஎன்பி) ‘ஆப்பரேஷன் ஃபெரட்’ என்ற பெரிய நடவடிக்கையைத் தொடங்கியது. ஹெராயின் அப்போது இந்த ஊர் இளைஞர்களிடம் தீயாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்தத் தாத்தா போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்கு (டிஆர்சி) போனார், வந்தார், மறுபடி போனார். வீட்டு ஆல்பத்தில் அவர் படம் இல்லை. தம்பிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. “டிஆர்சி” என்ற மூன்றெழுத்து மட்டும் தெரியும், அதைச் சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார் என்பதும் தெரியும்.

10.15 ஓட்டம்

கல்லூரியில் தம்பி இந்தியக் கலாசாரச் சங்கத்தின் நடனக் குழுவில் இருந்தார். நல்ல ஆட்டக்காரர். ஒத்திகை இரவு 9.30-க்கு முடியும். அப்புறம் சப்பர்: பரோட்டாக் கடையில் ஆளுக்கு இரண்டு கோசோங் (சாதா பரோட்டா), ஒரு தே தாரிக். குழுவில் சிலர் மட்டும் 10.15-க்கு எழுந்து பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். அப்போதைய விதிப்படி 10.30-க்கு மேல் கடையில் மது விற்க முடியாது.

2013 டிசம்பர் 8-ல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் மது பற்றிய பேச்சே மாறியது. 2015 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது என்று ஆனது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வார இறுதியில் இன்னும் கூடுதல் கட்டுப்பாடு. இந்தச் சட்டத்தால் பல கீழ்த்தளங்களில் மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நாலைந்து பேர் கொண்ட கூட்டத்தில் அதன் விளைவு விசித்திரமாக இருந்தது. நேரம் முடியப்போகிறது என்பதால் தேவைக்கு மேல் வாங்கினார்கள். கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்பதால் மடமடவென்று குடித்தார்கள்.

தம்பியின் கணக்கு “மூணு கேன் தான் மிஸ்”. எந்த கேன் என்று கேட்டேன். 500 மில்லிலிட்டர், 8.8 விழுக்காடு. மேசையில் ஒரு அளவுக் கோப்பையும் தண்ணீரும் வைத்துச் சேர்ந்து கணக்குப் போட்டோம். சிங்கப்பூரில் ஒரு ‘அளவு’ மது என்பது 10 கிராம் ஆல்கஹால். அவருடைய ஒரு கேனில் ஏறத்தாழ 35 கிராம் இருந்தது. ஆக மூன்று கேன் பத்து அளவுக்கும் மேல், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஆண் ஒருவர் ஒரே அமர்வில் 5 அளவு குடித்தாலே அது மிதமிஞ்சிய குடி. கல்லீரல் மணிக்குச் சுமார் ஓர் அளவைத்தான் கரைக்கும். வேகப்படுத்த வழி கிடையாது. கோப்பி குடித்தாலும் குளித்தாலும் விழிப்பு வரும், போதை போகாது. இரவு 11 மணிக்கு முடித்தால் காலை 8 மணி ஆய்வக வகுப்பில் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கும்.

கணக்கை முடித்துவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “அப்போ அந்தப் பொண்ணுக்கு வாசம் வந்திருக்கும்” என்றார். எந்தப் பெண் என்று எனக்கு அப்போது தெரியாது.

வாசனை இல்லாத ஒன்று

குடியிலிருந்து மின்சிகரெட்டுக்குப் போனதற்குத் தம்பி சொன்ன காரணம் எந்தப் பிரசுரத்திலும் இல்லாதது: அம்மாவின் மூக்கு. வீட்டுக்குள் நுழையும்போது கதவருகே அம்மா நிற்பார். பீர் வாசத்தை மிட்டாய் மறைக்காது. மின்சிகரெட்டில் பழ வாசம்தான் வரும், அதுவும் இரண்டு நிமிடத்தில் போய்விடும். தேர்வு நேரத்தில் தூக்கம் வராமல் தவித்தபோது நண்பர் ஒருவர், “இத இழு, கட்டையா சாஞ்சிருவ” என்று ஒரு பாட் (மின்சிகரெட்டில் செருகும் குப்பி) கொடுத்தார். டெலிகிராமில் வாங்கியது. உள்ளே என்ன என்று கொடுத்தவருக்கும் தெரியாது.

அது எட்டோமிடேட். இளையர் வாயில் ‘கேபாட்’. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவமனையில் நோயாளியை மயக்க நரம்பு வழியே செலுத்தும் மருந்து அது. நுரையீரலுக்குள் இழுப்பதற்காகச் செய்ததல்ல. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் சுரப்பதை அது தடுக்கிறது. ஒரே ஒரு முறை செலுத்தினாலும் அந்தத் தடை பல மணி நேரம் நீடிக்கும். கார்ட்டிசால் குறைந்தால் உடல் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைகிறது. நடை தள்ளாடும், கை நடுங்கும், மனம் குழம்பும், வலிப்பும் வரலாம். பறிமுதல் செய்த மின்சிகரெட்டுகளில் ஏறத்தாழ 100-ஐச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாகச் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் அதே ஜூலையில் தெரிவித்தார். தம்பி விழுந்த மாதமும் அதுதான். பீருக்கு மேல் இதையும் இழுத்திருக்கிறார். மூளையை மந்தப்படுத்தும் இரண்டு பொருள்கள் சேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் நடக்கும் போதைப்பொருள் விழிப்புணர்வு உரையில் ஊசியும் வெள்ளைப் பொடியும் கொண்ட படங்கள்தான் அதிகம். தம்பி அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நிம்மதியாக எழுந்து போயிருக்கிறார்.

யாருக்கெல்லாம் தெரியும்

மூன்றாவது சந்திப்பில் ஒரு நீளத் தாளை மேசையில் விரித்து, 2024 மே முதல் 2025 ஜூலை வரை ஒரு கோடு போட்டேன். “உங்களுக்கு என்ன நடந்தது என்று வேண்டாம். யார் எப்போது கவனித்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றேன். ஒரு மணி நேரம் ஆனது. கோட்டின் மேல் ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு தம்பியின் சம்மதத்தோடு ஆறு பேரைச் சந்தித்தேன்.

முதலாமவர் ஆய்வகத் தோழி. 2024 மே மாதம், காலை 8 மணி வகுப்பில், பக்கத்து நாற்காலியில் பீர் வாசம். அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். “பழக்கமில்லாத பையன். நான் கேட்டா தப்பா எடுத்துக்குவாரோன்னு.” நியாயமான தயக்கம்தான்.

ஆகஸ்ட்டில் நடனக் குழுத் தலைவர், தம்பி சப்பருக்குப் பிறகு கால்வாயோரம் வாந்தி எடுத்ததைப் பார்த்தார். அவரே அன்று குடித்திருந்தார். “நான் என்ன முகத்தோட கேக்குறது?”

அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அக்கா தம்பியின் பூப்பந்துப் பையில் நசுக்கிய கேன்களைக் கண்டார். அம்மா கண்ணில் படாமல் அவரே கொண்டுபோய்க் குப்பைச் சரிவில் போட்டார். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அழுதார். “அவனைக் காப்பாத்துறேன்னு நெனைச்சேன், மிஸ்.” அடுத்த இரண்டு மாதம் அந்தப் பையை வாராவாரம் சோதித்து, இருந்ததை எடுத்து வீசிக்கொண்டே இருந்திருக்கிறார். தம்பிக்கும் தெரியும், கேன்கள் தானாகக் காணாமல் போகாது என்று. இருவரும் ஒரே வீட்டில், ஒரே இரகசியத்தை, ஒருவருக்கொருவர் தெரியாததுபோல் சுமந்திருக்கிறார்கள்.

விரிவுரையாளர் ஒருவர் வருகைப் பதிவு சரிவதைக் கவனித்தார். முறைப்படி எச்சரிக்கைக் கடிதம் போனது. கடிதத்தில் எத்தனை வகுப்பு விடுபட்டது என்று இருந்தது. ஏன் என்ற கேள்வி இல்லை. அதற்கென்று ஒரு கட்டம் அந்தப் படிவத்திலேயே கிடையாது.

2025 பிப்ரவரியில் அம்மாவுக்கு வாசம் வந்தது. அப்பாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகும் என்று பயந்து, கோவிலுக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டார். மகன் எதற்காகத் தன்னுடன் கோவிலுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆறாமவர்தான் இவர்களில் வாயைத் திறந்து கேட்டவர். பரோட்டாக் கடையில் வேலை செய்யும் அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கம், வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர். ஏப்ரலில் ஒரு நாள் தட்டை வைத்தபடியே, “தம்பி, முன்னெல்லாம் நாலு சாப்பிடுவ. இப்போ ஒண்ணுல எந்திரிக்கிற. உடம்புக்கு என்னப்பா?” என்று கேட்டிருக்கிறார். தம்பி சிரித்து மழுப்பினார். ஆனால் ஏழு பேரில் அவரை மட்டும்தான் சொன்ன வார்த்தையோடு நினைவு வைத்திருந்தார்.

ஏழாவது நான்.

2024 அக்டோபரில் அரங்கில் நான் ஓர் உரை ஆற்றினேன். முடிந்ததும் ஒரு மாணவர் மேடையருகே வந்து, “மிஸ், ஒரு ஃபிரெண்டு வாரத்துல நாலு நாள் குடிச்சா, அது அடிக்‌ஷனா?” என்று கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. கையிலிருந்த பிரசுரத்தைக் கொடுத்து, “ஃபிரெண்டுகிட்ட இதைக் கொடுங்க, நம்பர் பின்னாடி இருக்கு” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அது தம்பி என்று தாளில் அவர் எழுதிக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. இருபது ஆண்டு வேலை பார்த்தவளுக்கு ‘ஒரு ஃபிரெண்டு’ என்றால் யார் என்று தெரியாதா? தெரியும். நேரம் இல்லை, அவ்வளவுதான். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. நம் வீடுகளில் ‘கேட்டால் பெயர் கெட்டுவிடும்’ என்ற பயம் ஒரு பக்கம், கடுமையான சட்டம் இருக்கும் ஊரில் ‘கேட்டால் மாட்டிவிடுவோம்’ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டன. சட்டம் தளர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது கடுமையாக இருப்பதாலேயே, அது நெருங்குவதற்கு முன்பு பேசிவிடுவதற்கான இடம் அகலமாக இருக்க வேண்டும்.

அறைக்குள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற, குடிப்பழக்கத்தை அளக்கும் பத்துக் கேள்விப் பட்டியலைத் தம்பிக்குக் கொடுத்தேன். அதிகபட்சம் 40. எட்டைத் தொட்டாலே கவனிக்க வேண்டும், இருபதைத் தொட்டால் அடிமைநிலையைச் சந்தேகிக்க வேண்டும். தம்பிக்கு 17.

நான் பயன்படுத்திய முறை, வில்லியம் மில்லர் 1983-ல் எழுதியதிலிருந்து வளர்ந்த ஊக்க நேர்காணல். சுருக்கமாகச் சொன்னால், அறிவுரையை விழுங்கிக்கொண்டு கேள்வி கேட்பது. தமிழில் இதைச் செய்வது கஷ்டம். வயதில் மூத்தவர் வாயைத் திறந்தாலே அறிவுரைதான் வரும் என்று எதிரே இருப்பவர் தயாராகிவிடுகிறார். “குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?” என்றேன். “நாலு.” “ஏன் நாலு? ஒன்று என்று சொல்லியிருக்கலாமே?” அவர் திடுக்கிட்டார். ஏன் பத்து இல்லை என்றுதான் கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். பிறகு தன் வாயாலேயே சொன்னார்: ஆட்டத்தில் மூச்சு வாங்குகிறது, அம்மா கண்ணைப் பார்க்க முடியவில்லை, அடுத்த ஆண்டு தேசிய சேவை.

‘எல்லாரும்தான் குடிக்கிறாங்க’ என்பதற்கு வேறு வழி. 1986-ல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: மாணவர்கள் தங்கள் சகமாணவர்கள் குடிப்பதை உண்மையைவிட மிகுதியாக மதிப்பிடுகிறார்கள், அந்தத் தப்புக் கணக்கை நோக்கித் தாங்களும் நகர்கிறார்கள். நான் புள்ளிவிவரம் காட்டவில்லை. நடனக் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். 22. பெயர் பெயராக எழுதி, சப்பருக்குப் பிறகு குடிப்பவர்களைச் சுழிக்கச் சொன்னேன். ஆறு பேர். மற்ற 16 பேரும் 10.15-க்குப் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள். சத்தம் போட்டவர்கள் ஆறு பேர் என்பதால் அவர்களே ‘எல்லாரும்’ ஆகிவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நான் ஒரு தவறு செய்தேன்.

ஆகஸ்ட் நடுவில் பெற்றோரை அழைத்துப் பேசினேன். அப்பா வாசலிலேயே, “டீச்சர், என் பிள்ளையை டிஆர்சிக்கு அனுப்பப் போறீங்களா?” என்றார். இல்லை என்று விளக்கினேன். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் இல்லாமல் போதைப்பொருள் பயன்படுத்தியதை மட்டும் ஒப்புக்கொள்பவரை நீதிமன்றத்தில் நிறுத்துவதைவிட மறுவாழ்வுக்கு அனுப்புவதே வழக்கம் என்றும், தம்பியின் நிலை அந்தக் கட்டத்திலேயே இல்லை என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். காதில் ஏறியதா தெரியாது. 1977 அவர் கண்முன் நின்றது. அம்மாவோ, “நாங்க வீட்டுல பாத்துக்கிறோம்” என்று மட்டும் சொன்னார். அதன் பொருளை நான் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. அன்று இரவே சாமி படத்தின் முன் மகனை நிறுத்தி, சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள்: இனி தொடமாட்டேன்.

பதினோராவது நாள் தம்பி குடித்தார். ஒரே ஒரு கேன்தான். சாதாரண நேரத்தில் அது ஒரு சறுக்கல், அடுத்த சந்திப்பில் உட்கார்ந்து பேசிச் சரிசெய்திருப்போம். இப்போது அது சாமி குத்தம் ஆகிவிட்டது. அம்மா தலையில் ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயந்து, அதை மறக்க அடுத்த நாளும் குடித்தார். என்னிடம் வரவில்லை. மூன்று சந்திப்புகள் போயின. சத்தியம் என்பது ஒரே ஒரு முறை உடையக்கூடிய பாத்திரம். இப்போதெல்லாம் பெற்றோரைச் சந்திக்கும் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: “சத்தியம் வாங்கியிருக்கீங்களா? வாங்குறதா இருந்தா, இப்ப வேண்டாம்.”

செப்டம்பர் 1

2025 ஆகஸ்ட் 17-ல் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே அணுகப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் ‘சி’ பிரிவில் சேர்ந்தது. அப்போது அறிவித்தபடி, முதல் முறை பிடிபட்டால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 500 வெள்ளி, மற்றவருக்கு 700 வெள்ளி அபராதம், எட்டோமிடேட் என்றால் கூடவே மறுவாழ்வுத் திட்டமும் கட்டாயம். தாமாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்றும் அரசாங்கம் தெளிவாகச் சொன்னது. சில சமூக மன்றங்களில் கருவியைப் போட்டுவிட்டுப் போகத் தொட்டிகளும் வைத்தார்கள்.

தம்பியிடம் மேசை டிராயரில் பழைய கருவி ஒன்று இருந்தது. ஜூலைக்குப் பிறகு தொடவில்லை, தூக்கிப்போடவும் பயம். ஆகஸ்ட் கடைசியில் அக்காவிடம் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். இரண்டு பேரும் ராத்திரி நடந்துபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் அக்கா பூப்பந்துப் பை விஷயத்தைச் சொன்னாராம். “தெரியும்” என்றாராம் இவர். என் அறையில் நடந்த எதையும்விட அந்த நடை பெரிய சிகிச்சை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் என்னிடம் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. கூட்டி வந்தவரும் அக்காதான்.

“மிஸ், நான் எல்லாத்தையும் சொன்னா நீங்க சிஎன்பிக்குச் சொல்வீங்களா?” என்று அன்று கேட்டார். இதற்கு வழுவழுவென்று பதில் சொல்லும் ஆலோசகரை எந்த மாணவரும் இரண்டாம் முறை தேடி வரமாட்டார். எனக்கு எவை இரகசியம், எவை இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருவரைப் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதும் மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் மறைக்கவில்லை. சொன்னால் வராமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. மாறாக, தோளைத் தளர்த்தி உட்கார்ந்தார். அக்டோபரில் மனநலக் கழகத்தில் இயங்கும் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு அக்காவோடு போனார். 6732 6837 என்ற எண்ணை அழைத்து நேரம் வாங்கியது அவரேதான்.

இடையில் ஒன்று. நண்பர்கள் டிசம்பரில் பேங்காக் போகத் திட்டமிட்டார்கள். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025-ல் மறுபடி மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கியது. சிங்கப்பூரருக்கு இரண்டும் ஒன்றுதான். வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம், சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போதே சோதிக்கலாம். மிட்டாய் வடிவில் யாராவது நீட்டினால் என்ன சொல்வது என்று அறையில் நடித்துப் பார்த்தோம். நான் நண்பராக நடித்தேன். படுமோசமாக நடித்ததாகத் தம்பி சிரித்தார். கடைசியில் அவர் போகவில்லை, காசு இல்லை.

கல்லூரியில்

அரங்க உரையை நிறுத்தவில்லை. அதில் எனக்கு இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. மனநலக் கழகத்தின் ஓர் ஆய்வில், போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள் அதை முதலில் தொட்ட சராசரி வயது 15.9. நாங்கள் 17 வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து ‘முதல் முறை தொடாதே’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிலருக்கு அது தேவை. சிலருக்கு அந்தப் பேருந்து ஏற்கெனவே போய்விட்டது.

எனவே இணைப்பாட நடவடிக்கைக் குழுத் தலைவர்களைச் சிறு சிறு கூட்டமாக அழைத்தோம். ஒரு மணி நேரம், பரோட்டா வாங்கி வைத்து. ஒருவர் சரிந்து விழுந்தால் மல்லாக்கப் போடாமல் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க. தனியே விடாமல் கூடவே இருப்பது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காமல் உடனே 995. என்ன குடித்தார், எதை இழுத்தார் என்று துணை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. பிறகு, கேட்பது எப்படி. பரோட்டாக் கடை அண்ணன் கேட்ட வாக்கியத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டோம்: பார்த்ததைச் சொல், உடம்பை விசாரி, குற்றம் சாட்டாதே. பயிற்சி என்று பார்த்தால் இவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எளிய மாற்றம் ஒன்று: நடனக் குழு ஒத்திகையை இரவு 8 மணிக்கே முடியும்படி மாற்றினோம். தீபாவளி நிகழ்ச்சிக்கு நேரம் போதாது என்று பலத்த எதிர்ப்பு. எட்டு மணிக்கு முடிந்தால் பசிக்கும், சாப்பிடுவார்கள், 9 மணிக்குக் கலைந்துவிடுவார்கள். 10.15 வரை உட்கார்ந்திருக்க யாருக்கும் காரணம் இல்லை. குடிப்பவர்கள் வேறு இடத்தில் குடிக்கலாம். அதை நான் தடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் புதிதாகச் சேர்ந்த 17 வயதுப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் காத்திருந்து உள்ளே இழுபடுவது நின்றது.

இப்போது

ஐந்தாம் மாத மறுபார்வையில் தம்பியின் ‘ஆடிட்’ மதிப்பெண் 9. இன்னும் எட்டுக்கு மேல்தான். ஜூலைக்குப் பிறகு மின்சிகரெட் தொடவில்லை. குடி முற்றாக நிற்கவில்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்தில் ஒரு சிறிய கேன் குடித்ததாகத் தானே வந்து சொன்னார். கொடுத்தவர் அதே மாமா. ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்கிறார். அப்பா இன்னும் என் அறைக்குள் வருவதில்லை, ஆனால் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே கோப்பிக்கடையில் காத்திருக்கிறார். தாத்தாவின் பெயரைத் தம்பி அப்பாவிடம் கேட்டாராம். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, “நல்லா பாட்டுப் படிப்பாரு” என்று மட்டும் சொன்னாராம்.

போன வாரம் நடனக் குழுவிலிருந்து முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கதவைத் தட்டினார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மிஸ், ஒரு ஃபிரெண்டுக்காகக் கேக்குறேன்...” என்று ஆரம்பித்தார். மூன்று மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. வரமுடியாது என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“உக்காரும்மா. சாப்பிட்டியா?”